பையனின் பள்ளியிலிருந்து வாராவாரம் வரும் மெசேஜ்: பெற்றோர் எந்த வரியைத் தவறவிடக் கூடாது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் போன் அதிர்கிறது. '9 பி பெற்றோர்' குரூப்பில் வகுப்பாசிரியர் நீளமாக ஒரு மெசேஜ் போட்டிருக்கிறார். திங்கட்கிழமை கணக்கு யூனிட் டெஸ்ட். எல்லோரும் முடி வெட்டிக்கொண்டு வர வேண்டும். புதன்கிழமை விளையாட்டு விழா, வெள்ளை ஷூ கட்டாயம். உதவித்தொகையைப் புதுப்பிக்காதவர்கள் ஆபீசில் பார்க்கவும். வருகை குறைவாக உள்ள மாணவர்களின் பெற்றோர் நேரில் வரவும். அதற்குக் கீழே மரம் நட்ட படங்கள் ஆறு. அதற்கும் கீழே முப்பது பேரின் 'ஓகே சார்', 'நன்றி சார்', கைகூப்பும் எமோஜி.

கட்டைவிரலால் ஒரு தள்ளு. அவ்வளவுதான், படித்தாயிற்று. மனசில் நின்றது வெள்ளை ஷூ மட்டும்தான் என்றால் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நாளைக்குள் கடைக்குப் போய் வாங்க வேண்டிய பொருள் அதுதானே.

ஆனால், அந்த மெசேஜில் ஷூவைவிட அவசரமான வரிகள் இரண்டு இருந்தன. அவை எவை, பள்ளி இந்தத் தகவலைத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா, தகவல் வராவிட்டால் என்ன செய்யலாம்? இடைநிலை வகுப்புகளில் படிக்கும் பையன்களின் பெற்றோருக்காக ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

9ஆம் வகுப்பில் ஏன் கூடுதல் கவனம் தேவை?

மத்தியக் கல்வி அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் யுடைஸ் பிளஸ் அறிக்கையின் 2024-25ஆம் ஆண்டு எண்களைப் பாருங்கள். பள்ளியைப் பாதியில் விடும் மாணவர்களின் விகிதம், அதாவது இடைநிற்றல் விகிதம், 3 முதல் 5ஆம் வகுப்பு வரை 2.3%. 6 முதல் 8 வரை 3.5%. 9ஆம் வகுப்பிலிருந்து தொடங்கும் இடைநிலைக் கட்டத்தில் 8.2%. முந்தைய ஆண்டில் இது 10.9% ஆக இருந்தது. குறைந்திருப்பது நல்ல செய்திதான். ஆனாலும், 50 பேர் உட்காரும் ஒரு வகுப்பில் சராசரியாக நான்கு பேர் அடுத்த ஆண்டு இருக்க மாட்டார்கள் என்பதுதான் இதன் பொருள்.

இதில் பையன்களின் நிலை என்ன? 9, 10ஆம் வகுப்புகளை மட்டும் தனியாகக் கணக்கிட்ட பழைய முறைப்படி, 2021-22இல் பையன்களின் இடைநிற்றல் 12.96%, பெண் பிள்ளைகளின் இடைநிற்றல் 12.25%. வகைப்பாடு மாறிவிட்டதால் இந்த எண்களை மேலே உள்ளவற்றோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஆனால், பெண் பிள்ளைகளைத்தான் பாதியில் நிறுத்துகிறார்கள், பையன் எப்படியும் படித்துவிடுவான் என்ற நம்பிக்கைக்கு இந்தத் தரவில் இடமில்லை.

காரணத்தையும் பார்க்க வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், பள்ளியை விட்ட 6 முதல் 17 வயதுப் பிள்ளைகளைப் பற்றிக் காரணம் கேட்டபோது, பையன்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்குச் சொல்லப்பட்ட பதில்: படிப்பில் ஆர்வமில்லை.

ஆர்வம் ஒரே நாளில் போய்விடாது. முதலில் வாரத்தில் ஒரு நாள் லீவு. பிறகு கணக்கு டெஸ்ட் அன்று மட்டும் வயிற்று வலி. பிறகு நோட்டு எழுதாமல் விடுவது. இவை எல்லாமே வகுப்பாசிரியரின் பதிவேட்டில் முதலில் தெரியும். வீட்டுக்குத் தெரிய நாளாகும். அந்த இடைவெளியைக் குறைப்பதற்காகத்தான் வாராந்திரத் தகவல்.

பள்ளி பெற்றோருக்குத் தகவல் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 24, ஆசிரியரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. பெற்றோரோடு தொடர்ந்து கூட்டம் நடத்தி, பிள்ளையின் வருகை ஒழுங்கு, கற்கும் திறன், கற்றலில் முன்னேற்றம், பிற முக்கியத் தகவல்கள் ஆகியவற்றைத் தெரிவிப்பதும் அந்தக் கடமைகளில் ஒன்று. அதாவது, 'பையன் எப்படிப் படிக்கிறான், ஒழுங்கா வர்றானா?' என்று நீங்கள் கேட்பது ஆசிரியரிடம் உதவி கேட்பது ஆகாது. உங்களுக்குச் சட்டப்படி வர வேண்டிய பதில் அது.

இதே சட்டத்தின் பிரிவு 21, அரசு மற்றும் உதவி பெறும் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தக் குழு விதி பொருந்தாது.

சிக்கல் எங்கே என்றால், இந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரை, 8ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பள்ளி மேலாண்மை மற்றும் வளர்ச்சிக் குழு என்று தனியாக ஒன்று உண்டு. ஆனால் அது கல்வி உரிமைச் சட்டத்திலிருந்து வந்ததல்ல, மத்திய அரசின் கல்வித் திட்டங்களின் வழியாக வந்த ஏற்பாடு. 9ஆம் வகுப்பு முதல் உங்களுக்கு என்ன தகவல் வரும் என்பது பெரும்பாலும் தேர்வு வாரியத்தின் விதியையும், மாநில உத்தரவையும், பள்ளியின் பழக்கத்தையும் பொறுத்தது.

அதே 14 வயதில் இன்னொரு கதவும் திறக்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை வேலைக்கு வைப்பதைத் தடை செய்கிறது. 14 முதல் 18 வரை உள்ளவர்களுக்கு ஆபத்தான தொழில்களில் மட்டுமே தடை. மெக்கானிக் கடையோ, டெலிவரி மூட்டை கட்டும் இடமோ, பையனை 'வா' என்று கூப்பிடும் வயதும், பள்ளி வீட்டுக்குத் தகவல் சொல்லும் சட்டக் கடமை முடியும் வயதும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

பையன்கள் பள்ளியில் என்ன தனிச் சிக்கல்?

தில்லியை எடுத்துக்கொள்வோம். அங்கே பல அரசுப் பள்ளிகள் இரண்டு ஷிப்டில் நடக்கின்றன. ஒரே கட்டடத்தில் காலையில் பெண் பிள்ளைகள், மதியத்துக்கு மேல் பையன்கள். பையன்களின் ஷிப்ட் முடியச் சாயங்காலம் ஆறு மணி தாண்டிவிடும்.

இதை வீட்டுப் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். அப்பாவும் அம்மாவும் காலை எட்டு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பையன் யூனிபார்ம் போட்டுக் கிளம்பும்போது வீட்டில் பார்க்க ஆள் இல்லை. திரும்பும் நேரத்தில் வீட்டில் ஆள் இருப்பார்கள், யூனிபார்மும் அழுக்காகத்தான் இருக்கும். நடுவில் அவன் எங்கே இருந்தான் என்பதைப் பதிவேடு மட்டும்தான் சொல்லும்.

தில்லி அரசுப் பள்ளிகளில் 2016 ஜூலையில் ஒரே நாளில் எல்லாப் பள்ளிகளிலும் பெற்றோர்-ஆசிரியர் கூட்டம் நடத்தும் பழக்கம் தொடங்கியது. பின்னர், தொடர்ந்து 7 நாள் வராத பிள்ளைகளை அடையாளம் கண்டு, பெற்றோருக்குக் குறுஞ்செய்தியும் அழைப்பும் அனுப்பும் முன்னெச்சரிக்கை முறையைத் தில்லி குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்தது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். பிள்ளை பள்ளியை விட்ட பிறகு தேடுவதைவிட, விடப்போகிறான் என்று தெரியும்போதே வீட்டில் சொல்லிவிடுவது.

சரி, மெசேஜில் எந்த வரியைத் தேட வேண்டும்?

*1. வருகை.* சிபிஎஸ்இ பள்ளி என்றால் போர்டு தேர்வு எழுத 75% வருகை வேண்டும். மருத்துவ அவசரம், தேசிய, சர்வதேச அளவிலான விளையாட்டுப் போட்டி போன்ற காரணங்களுக்கு மட்டும், அதுவும் ஆவணம் இருந்தால், தளர்வு கிடைக்கும். மாநில வாரியங்களுக்குத் தனித்தனி விதி உண்டு, பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

75% என்றால் நடைமுறையில் எவ்வளவு? ஆண்டுக்கு 220 வேலை நாள், வாரத்துக்கு 5 நாள் என்று வைத்துக்கொள்வோம். 165 நாள் வர வேண்டும், 55 நாள் வரை போகாமல் இருக்கலாம். வாரம் ஒரு நாள் மட்டம் போடும் பையனுக்கு ஆண்டு முடிவில் 44 நாள் போயிருக்கும், வருகை 80%. தப்பித்தான். ஆனால் கையில் மிச்சம் 11 நாள்தான். ஒரு டைபாய்டு, ஊரில் ஒரு கல்யாணம், அவ்வளவுதான், தீர்ந்தது. வாரம் இரண்டு நாள் என்றால் வருகை 60%. தப்பிக்க வழியே இல்லை.

எப்போது தெரிகிறது என்பது இதைவிட முக்கியம். 100 வேலை நாள் முடிந்தபோது பையன் 65 நாள் வந்திருக்கிறான் என்று உங்களுக்குத் தெரிகிறது. மீதி 120 நாளில் 100 நாள் வந்தால் போதும், 165ஐத் தொட்டுவிடுவான். இதே 65% கணக்கு 150 நாள் முடிந்தபிறகு தெரிந்தால்? அதுவரை வந்தது 97 நாள். மீதி 70 நாளில் 68 நாள் வந்தாக வேண்டும். இரண்டு நாள் காய்ச்சலுக்கு மேல் தாங்காது. சதவீதம் ஒன்றுதான். பத்து வாரம் முன்னால் தெரிந்திருந்தால் பேசிச் சரிசெய்திருக்கலாம், பத்து வாரம் தள்ளித் தெரிந்தால் மெடிக்கல் சர்டிபிகேட் தேடி அலைய வேண்டியதுதான். போர்டு வகுப்புகளில் வருகைக் குறைவு ஜனவரி 1ஆம் தேதி நிலவரப்படி பார்க்கப்படுவதால், அங்கே அவகாசம் இன்னும் குறைவு.

*2. உதவித்தொகை.* தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் திட்டத்தில் தேர்வான பிள்ளைக்கு 9 முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அரசு, உள்ளாட்சி, உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும், பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்கு மிகாத பிள்ளைகளுக்கானது. தேர்வு 8ஆம் வகுப்பிலேயே நடக்கும். வென்றதும் வேலை முடிந்துவிடாது. ஒவ்வோர் ஆண்டும் தேசிய உதவித்தொகைத் தளத்தில் புதுப்பிக்க வேண்டும், 9இலிருந்து 10க்கு முதல் முயற்சியிலேயே தேற வேண்டும். 'ஆபீசில் பார்க்கவும்' என்ற அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருப்பது நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய்.

*3. உள்மதிப்பீடு.* சிபிஎஸ்இ 10ஆம் வகுப்பில் முக்கியப் பாடங்களில் 80 மதிப்பெண் தேர்வுக்கு, 20 மதிப்பெண் பள்ளியின் உள்மதிப்பீட்டுக்கு. பருவத் தேர்வு, போர்ட்ஃபோலியோ, செய்முறை வேலை எல்லாம் இந்த 20இல் வரும். 'சயின்ஸ் ரெக்கார்டு வெள்ளிக்குள் சமர்ப்பிக்கவும்' என்பது நோட்டு சமாசாரம்போலத் தெரியும். அது மதிப்பெண் சமாசாரம். 2026 முதல் 10ஆம் வகுப்புக்கு ஆண்டில் இரண்டு போர்டு தேர்வு. முதல் தேர்வு எல்லோருக்கும் கட்டாயம், இரண்டாவது விருப்பமுள்ளவர்கள் மூன்று பாடங்கள் வரை மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள. ஆனால் உள்மதிப்பீடு ஒரே முறைதான். அதற்கு மறுவாய்ப்பு இல்லை.

*4. பெயர்ப் பதிவு.* 9ஆம் வகுப்பில் வாரியத்தில் பதிவு, 10ஆம் வகுப்பில் தேர்வு எழுதுவோர் பட்டியல். 'விவரங்களைச் சரிபார்த்துக் கையெழுத்திடவும்' என்று தாள் வந்தால், பையனிடம் 'எங்க கையெழுத்து போடணும்?' என்று கேட்டுப் போட்டுவிடாதீர்கள். பெயரின் எழுத்து, இனிஷியல், பெற்றோர் பெயர், பிறந்த தேதி ஆகியவற்றை ஆதாரோடும் பிறப்புச் சான்றிதழோடும் வைத்துப் பாருங்கள். இனிஷியலை விரித்து எழுதுவதில் வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அடிக்கடி குழப்பம் வரும். கணக்கில் 'ஸ்டாண்டர்ட்' எடுத்திருக்கிறானா, 'பேசிக்' எடுத்திருக்கிறானா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

*5. சம்மதக் கடிதம்.* 'அபார்' என்ற 12 இலக்க மாணவர் அடையாள எண்ணுக்குப் பள்ளிகள் பெற்றோரின் கையெழுத்தைக் கேட்கின்றன. பிள்ளை மைனர் என்பதால் உங்கள் சம்மதம் தேவை. அது விருப்பத்தின்பேரிலானது என்று கல்வி அமைச்சகம் கூறியுள்ளது. படித்துப் பார்த்து முடிவெடுங்கள்.

மெசேஜ் அனுப்பினால் உண்மையில் பலன் உண்டா?

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தென் அமெரிக்க நாடான சிலேயில், வருமானம் குறைந்த பகுதிப் பள்ளிகளில், பிள்ளையின் வருகை, மதிப்பெண், நடத்தை பற்றிப் பெற்றோருக்கு அடிக்கடி குறுஞ்செய்தி அனுப்பினார்கள். வருகை கூடியது, கணக்கு மதிப்பெண்ணும் உயர்ந்தது.

பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலத்தில் 9ஆம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரிடம் நடந்த ஆய்வில் வேறொன்றும் தெரிந்தது. ஒரு பகுதிப் பெற்றோருக்குப் பிள்ளையின் வருகை விவரத்தையே அனுப்பினார்கள். இன்னொரு பகுதியினருக்கு விவரம் எதுவும் இல்லாமல், பிள்ளை வகுப்புக்குப் போவதைக் கவனியுங்கள் என்று நினைவூட்டல் மட்டும். இரண்டுக்கும் கிடைத்த பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு எழுந்ததா என்பதுதான் விஷயம் என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

ஆகவே, மெசேஜைப் படித்ததும் 'ஏன்டா கட் அடிச்ச?' என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 'எந்த பீரியடு புடிக்கல? யாராவது ஏதாவது சொல்றாங்களா?' என்று கேட்டுப் பாருங்கள். அடியோ, கேலியோ, புரியாத கணக்கோ, ஏதோ ஒன்று வெளியே வரும். 8ஆம் வகுப்பு வரை உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 17 தடை செய்கிறது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

மெசேஜே வரவில்லை என்றால்?

முதலில் ஒரு சின்னச் சோதனை. பள்ளியில் உங்கள் பெயருக்கு எதிரே எந்த நம்பர் பதிவாகியிருக்கிறது? சேர்க்கும்போது கொடுத்த பழைய சிம் நம்பராக இருக்கலாம். அப்பா நம்பராக இருக்கும், அவர் நாள் முழுக்க வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். சில வீடுகளில் அந்த போன் பையன் கையிலேயே இருக்கும். அவன் தகவலை முதலில் பார்ப்பான், கடைசியாகவும் அவனே பார்ப்பான். நேரில் போய், படிக்கக் கூடியவர் ஒருவரின் நம்பரையும் சேர்த்துக் கொடுங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2024-25இல் இணைய வசதி இருந்த பள்ளிகள் 63.5% மட்டுமே. மீதிப் பள்ளிகளில் உங்களுக்கு மெசேஜ் வந்தால், அது ஆசிரியர் தன் சொந்த போனில், சொந்தச் செலவில் அனுப்பியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அங்கே டைரியும் நோட்டீஸ் போர்டும்தான் மெசேஜ்.

மெசேஜ் இந்தியிலோ இங்கிலீஷிலோ வந்து புரியவில்லையா? வாய்ஸ் மெசேஜாக அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். இல்லையென்றால் போனிலேயே மொழிபெயர்த்துப் பார்க்கலாம். பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் பதில் இல்லையென்றால்:

- வகுப்பாசிரியரிடம் நேராகக் கேளுங்கள்: "சார், வணக்கம். எங்க பையன் இதுவரைக்கும் எத்தனை நாளுக்கு எத்தனை நாள் வந்திருக்கான்னு சொல்ல முடியுமா?" சதவீதமாக இல்லாமல் நாள் கணக்காகக் கேட்டால் மீதி எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம்.
- தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.
- அரசு, உதவி பெறும் பள்ளி என்றால் மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர் உறுப்பினரிடம் சொல்லி, கூட்டத்தில் பேச வையுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டமும் அரசுப் பள்ளிகளுக்குப் பொருந்தும்.
- தனியார் சிபிஎஸ்இ பள்ளி என்றால், கட்டண விவரம், ஆண்டு நாட்காட்டி, மேலாண்மைக் குழு, பெற்றோர்-ஆசிரியர் கழக உறுப்பினர் பட்டியல், மூன்று ஆண்டுத் தேர்ச்சி விவரம் ஆகியவற்றைப் பள்ளி தன் இணையதளத்தில் கட்டாயம் வெளியிட வேண்டும். அங்கே இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேட்கலாம்.

குரூப்பில் எல்லோர் மார்க்கையும் போடலாமா?

ஐம்பது பையன்களின் மதிப்பெண் பட்டியலை, ஃபெயில் ஆனவர்களுக்குச் சிவப்புக் கட்டம் போட்டு, குரூப்பில் பகிர்வது பல இடங்களில் சாதாரணம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரும் குழந்தைகள்தான். அவர்களின் தரவைக் கையாளச் சரிபார்க்கக் கூடிய பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது சட்டம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியப் பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 'பொதுத் தகவலை குரூப்பில் போடுங்க சார், மார்க்கும் வருகையும் மட்டும் அந்தந்த வீட்டுக்குத் தனியா அனுப்புங்க' என்று அடுத்த கூட்டத்தில் நான்கு பெற்றோர் சேர்ந்து சொன்னால் போதும். எல்லோர் முன்னாலும் அவமானப்பட்ட பையன் திங்கட்கிழமை பள்ளிக்குப் போக யோசிப்பான். அது மறுபடியும் வருகைப் பதிவேட்டில்தான் வந்து விழும்.

அடுத்த வெள்ளிக்கிழமை

மெசேஜ் வந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வருகை, உதவித்தொகை, உள்மதிப்பீடு, பெயர்ப் பதிவு, சம்மதக் கடிதம். இந்த ஐந்தில் ஏதாவது அதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் தேதியைச் சமையலறை காலண்டரில் குறித்து வையுங்கள். இல்லையென்றால் மாதத்துக்கு ஒருமுறை நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிறகு வெள்ளை ஷூ வாங்கப் போகலாம். பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். போகும் வழியில் இந்த வாரம் பள்ளியில் என்ன நடந்தது என்று அவனிடமே கேட்கலாம்.